பல் பிடுங்கிய பின் வலியும் வீக்கமும்: வுழூச் செய்யும் சகோதரிகள் கவனத்துக்கு



ஆலையடிவேம்பை அடுத்த எமது பகுதியில் பெண்களுக்கான மார்க்க வகுப்பொன்று முடிந்த வேளை, திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கேட்டார்: "மௌலவி, பல்லுப் புடுங்கி மூணு நாளாகுது. நோவு காதுக்குள்ள போய்க் குத்துது. வேரை உள்ளுக்கு விட்டுட்டாங்களோ?"

பல் பிடுங்கிய அன்று என்ன செய்தீர்கள் என்று விசாரித்தேன். லுஹருக்கு வுழூச் செய்கையில் வழமை போல வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பியதாகவும், அஸருக்கும் மஃரிபுக்கும் அவ்வாறே செய்ததாகவும் சொன்னார். உடனே பல் வைத்தியரிடம் திரும்பிப் போகும்படி கூறினேன். வேர் எதுவும் உள்ளே இருக்கவில்லை. குழியில் உறைந்திருந்த இரத்தம் கழன்று போயிருந்தது. வைத்தியர் கழுவி மருந்து வைத்ததும் வலி தணிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இபாதத்தில் அந்தத் தாய்க்கு இருந்த பேணுதலே அவரது புண்ணைக் கிளறிவிட்டது. இந்த நிலை உங்கள் வீட்டிலும் ஏற்படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

அல்லாஹ் இட்ட கட்டு

பல் இருந்த குழியில் இரத்தம் நிறைந்து உறைந்துவிடும். அந்த உறைவு எலும்பையும் நரம்பையும் மூடிப் பாதுகாக்கிறது. அதன் கீழேதான் புதிய சதை வளரும். அது, காயத்துக்கு அல்லாஹ் தானே இட்ட கட்டு. அது கழன்றால் எலும்பு வெறுமையாகி, 2ஆம் நாள் முதல் 4ஆம் நாளுக்குள் கடும் வலி தொடங்கும். காது வரை இழுக்கும், வாய் நாறும். கீழ்க் கடைவாய்ப் பற்களிலேயே இது அதிகம். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும், புகைப்பவர்களுக்கும் வாய்ப்புக் கூடுதல்.

எனவே வைத்தியர் வைத்த பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருங்கள். 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளித்தல், பலமாகத் துப்புதல், இளநீரை ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுதல், சுடச்சுடத் தேநீர் ஆகியவற்றைத் தவிருங்கள். விரலாலோ நாவாலோ குழியைத் தொடாதீர்கள்.

வுழூவை என்ன செய்வது?

ஷாஃபிஈ மத்ஹபில் வுழூவின் பர்ளுகள் ஆறு: நிய்யத், முகம் கழுவுதல், முழங்கை வரை கை கழுவுதல், தலையில் ஒரு பகுதியை மஸ்ஹு செய்தல், கணுக்கால் வரை கால் கழுவுதல், வரிசை பேணுதல். வாய் கொப்பளிப்பது இவற்றில் இல்லை, அது ஸுன்னத். பல் பிடுங்கிய நாளில் அதை விட்டாலும் வுழூ நிறைவேறும். கடமையான குளிப்பிலும் எமது மத்ஹபில் அது ஸுன்னத்தே. ஹனஃபி மத்ஹபினர் குளிப்பு விடயத்தில் தமது உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பல்லில் இரத்தம் வருவதால் எமது மத்ஹபில் வுழூ முறியாது. இரத்தம் நிற்கும் வரை சற்றுப் பொறுத்துத் தொழலாம். நேரம் முடியப் போனால் இருக்கும் நிலையிலேயே தொழுதுகொள்ளுங்கள்.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, அவருக்குச் சலுகை இல்லை என்று சிலர் கூறிவிட்டனர். அவர் குளித்து மரணித்துவிட்டார். அதையறிந்த நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு கூறியோரைக் கடுமையாகக் கண்டித்து, அறியாதவர்கள் கேட்டிருக்க வேண்டும் என்று உணர்த்தினார்கள். ஜாபிர் (ரழி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. மார்க்கம் தந்த சலுகையை எடுப்பது பேணுதல் குறைவல்ல.

நோன்பு காலத்தில் முடியுமானால் இரவில், அல்லது ரமழானுக்குப் பின் பல் பிடுங்குங்கள். பொறுக்க முடியாத வலியென்றால் நோயாளிக்குரிய சலுகை உண்டு. பின்னர் கழாச் செய்யலாம்.

வலிக்கும் வீக்கத்துக்கும்

விறைப்பு ஊசியின் தாக்கம் சில மணி நேரத்தில் தீரும். அது தீருமுன்பே முதல் மாத்திரையைப் போடுவது நல்லது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோல் 2 மாத்திரை, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. 24 மணி நேரத்தில் 8ஐத் தாண்டக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வேறு வலி மாத்திரைகளைத் தாமாகப் போட வேண்டாம். டெங்குக் காய்ச்சல் பரவும் எமது நாட்டில், காய்ச்சல் இருக்கும்போது அஸ்பிரினும் இபுபுரூஃபனும் ஆபத்து.

வீக்கம் 2ஆம், 3ஆம் நாட்களில் கூடிப் பின் வற்றும், பயப்பட வேண்டாம். முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் 15 நிமிடம் வைத்து, இடைவெளி விட்டு மீண்டும் வையுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். ஆறிய கஞ்சி, குழைத்த சோறு போன்றவற்றை மறுபக்கத்தால் உண்ணுங்கள்.

24 மணி நேரத்தின் பின், ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் வாயில் ஏந்தித் தலையைச் சரித்து மெல்ல வழிய விடுங்கள். வுழூவின் கொப்பளிப்பையும் அதே போல, நோன்பாளி செய்வதிலும் மெதுவாகத் தொடங்கலாம். மற்றப் பற்களைத் துலக்குங்கள். மிஸ்வாக்கைப் புண்ணில் பட விடாதீர்கள்.

கராம்பு எண்ணெய், சுண்ணாம்பு, புகையிலை எதையும் குழிக்குள் வைக்காதீர்கள், சதை வெந்துபோகும். யாரோ மிச்சம் வைத்த அமொக்சிலின் மாத்திரையையும் விழுங்காதீர்கள்.

உடனே வைத்தியரிடம்

அழுத்திக் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டால், 3ஆம் நாளுக்குப் பின் வீக்கம் கூடினால், காய்ச்சல் அடித்தால், வாயைத் திறக்க முடியாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

வெற்றிலை போடும் எமது மூத்தம்மாமாருக்கு ஒரு வார்த்தை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. பல் பிடுங்கிய குழி 3 வாரமாகியும் ஆறாவிட்டால் கட்டாயம் காட்டுங்கள்.

நோய்க்கு மருந்தையும் இறக்கிய அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து மருந்து தேடுவதே நபிவழி. கோர்டோவாவில் வாழ்ந்து, 1000ஆம் ஆண்டளவில் 30 பாகங்களில் மருத்துவ நூல் எழுதிய அஸ்ஸஹ்ராவியும், அவசரப்பட்டுப் பல் பிடுங்குவதையும் அறிவற்றோரிடம் வாயைக் கொடுப்பதையும் எச்சரித்திருக்கிறார். அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், வைத்தியத்தை வைத்தியரிடமும் மார்க்கத்தை உலமாக்களிடமும் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் எம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.