காசின் கால்தடம் – 14: ஐந்தரைச் சதம்

கத்தோலிக்க சிஸ்டர்மார் துவக்குக் கம்பனியில் பங்கு வாங்கிய இடத்தில் போன கிழமை நிறுத்தினேன். அதற்கு முந்தியதைத் திரும்பச் சொல்ல எனக்கு நேரமில்லை. பழைய இதழ் வீட்டில் எங்காவது கிடக்கும், எடுத்துப் பாருங்கள். இன்றிரவு கட்டுரை வராவிட்டால் இந்தப் பக்கத்தில் இராசிபலன் போடுவேன் என்கிறார் ஆசிரியர். இறுப்பிட்டியில் கரண்ட் இரண்டு தரம் போய் வந்துவிட்டது.

அந்தக் கம்பனிக் கூட்டத்தில் நடந்த வாக்கெடுப்பைப் பற்றித்தான் எழுத இருந்தேன். இடையில் ஐந்தரைச் சதம் வந்து வழியை மறித்துக்கொண்டது.

றெமிங்ரன் கம்பனி 1948இல் 721 என்ற வேட்டைத் துவக்கைச் சந்தைக்கு விட்டது. அதன் விசையை அமைத்தவர் மைக் வோக்கர் என்ற பொறியியலாளர். சோதனை நேரத்திலேயே ஒரு குறை தெரிந்துவிட்டது: பாதுகாப்புப் பிடியை விலக்கும்போது, விசையில் விரல் படாமலே வெடிக்கக்கூடும். விசையோடு ஒட்டி ஒரு சின்ன இணைப்புத் துண்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் அழுக்குப் போய் நின்றால் போதும். திருத்த வழியையும் வோக்கரே சொன்னார். கம்பனி கணக்குப் பார்த்தது. துவக்கு ஒன்றுக்கு ஐந்தரைச் சதம் கூடச் செலவாகும். வேண்டாம் என்று விட்டது.

அமெரிக்கச் சதம்தான். என்றாலும் நாலு நாளாக இந்த எண்ணைச் சுமந்துகொண்டு திரிகிறேன். குறிகட்டுவான் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னேன். நயினாதீவு அம்மனிடம் போகிற மனிசன், நேர்த்திக்கடனை நினைத்துக்கொண்டு இருந்தவர், பாவம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிறகும் மாத்தேல்லையோ தம்பி?” என்றார்.

மாற்றவில்லை ஐயா. 1962இல் வந்த புகழ்பெற்ற 700க்குள்ளும் அதே விசைதான் போனது. ஆட்கள் செத்தார்கள், வழக்குகள் வந்தன, கம்பனி குறையே இல்லை என்று நின்றது. 2014இல்தான் விசையை இலவசமாக மாற்றித் தருவதாக வழக்காளிகளோடு இணக்கத்துக்கு வந்தது; அப்போதும் குறையை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இணக்கத்துக்குள் அடங்கியவை சுமார் 75 இலட்சம் துவக்குகள். விலைவாசி ஏறியதை விட்டுவிட்டு, ஐந்தரைச் சதத்தால் பெருக்கிப் பார்த்தேன்: நாலு இலட்சத்துப் பன்னீராயிரத்து ஐந்நூறு டொலர். இரண்டு தரம் பெருக்கினேன், பிழையில்லை.

வன்னியில் காடு வெட்டப் போன காலத்தில் பெரியப்பா இடியன் துவக்கு வைத்திருந்தவர். மருந்து இடித்தது, இடிக்காதது என்று அவருக்கு வித்தியாசமே கிடையாது. கொட்டிலுக்குள் வரும்போது குழல் நிலத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு பிள்ளை நடக்கக் கூடாது. “செய்தவனையும் நம்பாதை, துவக்கையும் நம்பாதை” என்பார். அவருடையதைச் செய்தவன் பக்கத்து ஊர்க் கொல்லன். பிழைத்தால் பட்டறை வாசலில் போய் நின்று ஏசலாம். 721ஐ வாங்கியவன் எந்த வாசலில் நிற்பது?

இங்கேதான் வாக்கெடுப்புக்கு வழி திறக்கிறது. 2021 கடைசியில் நம் வீடுகளில் காஸ் சிலிண்டர்கள் வெடித்தபோது நுகர்வோர் அதிகாரசபையை ஆளாளுக்குத் திட்டினோம். திட்டுவதற்காவது ஒன்று இருந்தது. அமெரிக்காவிலும் 1972இல் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்று ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். ரோஸ்ரர், தொட்டில், பொம்மை எல்லாம் அதன் கைக்குள். துவக்கும் ரவையும் மட்டும் சட்டப்படி அதற்கு வெளியே. விளையாட்டுத் துவக்கின் வாயில் செம்மஞ்சள் அடையாளம் வேண்டும் என்று 1988இல் சட்டம் போட்டார்கள். பிளாஸ்ரிக் துவக்கைக் கடையிலிருந்து திரும்ப எடுக்கவைக்க அந்த ஆணைக்குழுவால் முடியும். சுடுகிற துவக்கை முடியாது.

அரசாங்க வாசல் இப்படி அடைபட்டால் மிச்சம் இருப்பது சொந்தக்காரர் வாசல். அட்ரியன் டொமினிக்கன் கன்னியரும் வேறு கத்தோலிக்க அமைப்புகளும் அதைத்தான் தட்டினார்கள். 2,000 டொலருக்குப் பங்கு வாங்கி ஒரு வருசம் வைத்திருந்தால், ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்பது அப்போதைய விதி. (2020இல் விதியை இறுக்கிவிட்டார்கள், அதே 2,000 டொலருக்கு இப்போது மூன்று வருசம் காத்திருக்க வேண்டும்.) அவர்கள் கேட்டது ஓர் அறிக்கை: உங்கள் துவக்குகளால் நடக்கும் வன்முறையைக் கவனிக்கிறீர்களா, ஆபத்துக் குறைந்த துவக்கு செய்ய ஆராய்ச்சி நடக்கிறதா, இதனால் கம்பனியின் பெயருக்கும் பணத்துக்கும் என்ன கேடு வரும். 2018 மே 9இல் ஸ்ரேம் றூகர் கம்பனியில் தீர்மானம் வென்றது. நிர்வாகம் எதிர்த்தும், பிளாக்றொக் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் சிஸ்டர்மாரின் பக்கம் வாக்களித்தது. செப்ரெம்பரில் சிமித் அன் வெசனின் தாய்க்கம்பனியிலும் வென்றது. அறிக்கை தருவோம், எங்கள் வியாபாரத்தை மாற்ற இது எங்களைக் கட்டாயப்படுத்தாது என்றார் றூகரின் தலைவர். சட்டப்படி அவர் சொன்னது சரி.

1948இல் றெமிங்ரன் டூபொன்ற் கம்பனியின் கையில் இருந்தது. டூபொன்ற் கூட்டத்தில் ஒரு சிஸ்டர் எழும்பி, அந்த ஐந்தரைச் சதம் என்னவாயிற்று என்று கேட்டிருந்தால்? எனக்கு இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

தீர்மானத்துக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 500 சொல்லுக்கு மேல் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. சிஸ்டர்மார் அதற்குள் முடித்தார்கள். எனக்கு முடியவில்லை, அந்த அறிக்கைகளில் என்ன இருந்தது என்பது அடுத்த கிழமை. 2001இல் துவக்குக்குப் பூட்டுச் செய்கிற ஒரு சின்னக் கம்பனி, சிமித் அன் வெசனையே 15 மில்லியன் டொலருக்கு வாங்கிய கதை முந்திக்கொண்டு வராவிட்டால்.