புதைத்த பானை

மதுரையின் வடமேற்கு விளிம்பில், வைகையின் வடகரையில், திண்டுக்கல் செல்லும் மார்க்கத்தில் அமைந்திருக்கிறது பரவை. மொத்தக் காய்கறிச் சந்தையால் அறியப்படுகிற இந்த ஊரில், விடிவதற்கு முன்பே தக்காளியும் கத்தரியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. ஆயினும், தன் கொல்லையில் ஒரு சுரைப் பந்தலும் நான்கு மிளகாய்ச் செடிகளும் இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும், சந்தைக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு குடும்பத்துக்கு இல்லாமற் போய்விடுவதில்லை. அந்த ஆசைக்குத் தடையாக நிற்பது இடமன்று, உழைப்பன்று, தண்ணீர். ஆண்டு முழுவதற்குமாக ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழையே பெறுகிற இந்தச் சமவெளியில், அதிலும் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், பங்குனி பிறந்தது முதல் கொல்லைச் செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு குடம் நீரும் வீட்டாரின் உபயோகத்திலிருந்து பிரித்தெடுத்ததாகவே இருக்கிறது. அப்படிப் பிரித்தெடுத்த நீரில் ஒரு துளியும் விரயமாகாமல் வேருக்குக் கொண்டு சேர்க்கும் மிக எளிய, மிகப் பழைய சாதனம் ஒன்று உண்டு. அது ஒரு மண்பானை.

குழாயைப் பிடித்தோ வாளியால் வாரியோ செடிக்கு நாம் நீர் ஊற்றும்போது நடப்பதை முதலில் ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஊற்றிய நீரில் ஒரு பகுதி மண்ணின் மேற்பரப்பை நனைத்து, வெயில் ஏறியதும் ஆவியாகிப் போகிறது. ஒரு பகுதி வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. இன்னொரு பகுதி, நாம் விதைக்காமலே முளைத்த கோரைக்கும் அறுகுக்கும் போய்ச் சேருகிறது. எஞ்சியதே செடிக்கு. அந்த எஞ்சியதும் சமமாகக் கிடைப்பதில்லை: ஊற்றிய சில மணி நேரத்துக்கு வேரைச் சுற்றி மூச்சு முட்டும் அளவுக்கு ஈரம், மறுநாள் மாலைக்குள் வறட்சி. தக்காளிப் பழம் வெடிப்பதற்கும் அதன் அடிப்புறம் கறுத்து அழுகுவதற்கும் இவ்வாறு ஈரம் ஏறி இறங்குவது ஒரு முக்கிய காரணம் என்பதைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

பானைப் பாசனத்தில் நீர் மேலிருந்து ஊற்றப்படுவதில்லை. ஐந்து முதல் பத்து லிட்டர் வரை கொள்ளும், மெருகு பூசாத சாதாரண மண்பானை ஒன்றை, அதன் கழுத்து மட்டும் தரைக்கு மேல் இரண்டு விரற்கடை தெரியும்படியாகக் குழி தோண்டி இறக்கி, தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து, பானையின் வயிற்றுக்கும் குழியின் சுவருக்கும் இடையே இடைவெளி சிறிதும் இல்லாதபடி கையால் அழுத்தி நிரப்ப வேண்டும். இந்த அழுத்தத்தில்தான் காரியத்தின் பாதி இருக்கிறது. மண்ணும் பானையும் ஒட்டாத இடத்தில் நீர் கைமாறாது. பிறகு பானையை நிரப்பி, வாயை ஓர் ஓட்டால் மூடி, பானையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் விதைகளை ஊன்றிவிட்டால் போதும். முளைத்து வேர் பிடிக்கும் வரையில் மட்டும் மேலே சிறிது நீர் தெளிக்க வேண்டியிருக்கும். அதன் பின்னர், மண்ணின் தன்மையையும் வெயிலின் கடுமையையும் பொறுத்து இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பானையின் மட்டத்தைப் பார்த்து நிரப்புவதைத் தவிர வேறு வேலையில்லை.

பானை ஏன் கசிகிறது என்பதை அறியச் சூளைக்குள் போக வேண்டும். களிமண் என்பது மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான, தகடு போன்ற நுண்துகள்களால் ஆனது. அதைப் பிசைந்து வனைந்து நிழலில் உலர்த்திய பச்சைப் பானை, தண்ணீரில் போட்டால் மீண்டும் சேறாகிவிடும். சூளையின் வெப்பம் ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, துகள்களின் உள்ளமைப்போடு ரசாயன முறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறி, அவற்றின் இயல்பே மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த மண்ணை எந்த நீரும் சேறாக்க முடியாது. கீழடியில் 2015-இல் தொடங்கிய அகழாய்வில் ஈரமண்ணின் அடியிலிருந்து எடுத்த பானை ஓடுகள் இன்றும் ஓடுகளாகவே இருப்பதற்குக் காரணம் இந்த மாற்றமே. பீங்கான் சுடுவது போல 1200 டிகிரிக்கு மேலும் கொண்டு சென்றால் துகள்கள் இளகி ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து நுண்துளைகள் யாவும் அடைபட்டுவிடும். வைக்கோலும் விறகும் தேங்காய் மட்டையும் எரிகிற நம்முடைய நாட்டுச் சூளை அந்த வெப்பத்துக்குப் போவதில்லை. ஆகவே துகள்கள் ஒன்றையொன்று தொட்ட இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்ள, நடுவே கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான சந்துகள் அப்படியே நின்றுவிடுகின்றன. மண் பிசையும்போது மணலைக் கூட்டினால் இந்தச் சந்துகள் பெருகும். உமியோ மரத்தூளோ கலந்தால் அது சூளையில் எரிந்துபோய்த் தன் இடத்தைத் துளையாக விட்டுச் செல்லும்.

மதுரைக்குத் தென்கிழக்கே, இதே வைகையின் கரையில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் மானாமதுரைக்குச் சென்றால் இந்த வித்தையின் இரண்டு எல்லைகளையும் ஓரிடத்தில் காணலாம். சக்கரத்தில் வனைந்தெடுக்கும்போது பானைக்கு அடிப்பாகம் கிடையாது. வாயும் கழுத்தும் தோளும் உருவான பின், சற்று உலரவிட்டு, உள்ளே ஒரு வழவழப்பான கல்லை அணை கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே அதன் வயிற்றை விரித்து அடியை மூடுகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் இறுகுகிறது. தண்ணீர்ப் பானைக்கு ஓரளவோடு கை நிற்கிறது. அதே ஊரில் செய்யப்படுகிற, கச்சேரி மேடைகளில் புகழ்பெற்ற கடத்துக்கோ சுவர் தடித்து, அடி மேல் அடி விழுந்து, மண் கெட்டிப்பட்டு நாதம் பிறக்கும் வரையில் கை ஓய்வதில்லை. 2023-இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கௌரவம் கடத்தால் மட்டும் வந்ததன்று என்றும், அடுப்படி மூலையில் இருக்கும் சாதாரணத் தண்ணீர்ப் பானைக்கும் அதில் சம பங்கு உண்டு என்றும் கருதுகிறேன்.

இந்தச் சந்துகள், காற்றில் இருக்கும்போது ஒரு வேலையையும் மண்ணுக்குள் இருக்கும்போது வேறொரு வேலையையும் செய்கின்றன. காற்றில், கசிந்த நீர் ஆவியாகிறது; ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும்; அதில் பெரும்பகுதியைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் அது எடுத்துக்கொள்வதால் நீர் குளிர்கிறது. மண்ணுக்குள் ஆவியாக வழியில்லை. அங்கே நீரை வெளியே இழுப்பது உலர்ந்த மண்ணே. விளக்குத் திரி எண்ணெயை மேலே ஏற்றுவது போல, மண்துகள்களுக்கு இடையேயுள்ள குறுகிய வழிகள் நீரைத் தம்பால் இழுக்கின்றன. மண் எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு அதிகமாக இழுக்கும். நனைந்துவிட்டால் இழுப்பு தளர்ந்துவிடும். பானைக்குள் நிற்கும் நீரின் எடையும் சிறிது வெளியே தள்ளுகிறது என்றாலும், சுவர் நன்றாக அமைந்த பானையில் கசிவின் வேகத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது மண்ணின் வறட்சியாகவே இருக்கிறது. செடி குடிக்க, வேரடி மண் உலர்கிறது. மண் உலர, பானை கொடுக்கிறது. மண் நனைய, பானை கையை மடக்கிக்கொள்கிறது. மின்சாரமில்லை, கருவியில்லை, கணக்குப் பார்க்க ஆளில்லை. எவ்வளவு நீர் என்பதையும் எப்போது என்பதையும் செடியே தீர்மானிக்கிறது. நம் கைக்கு வசதியான நேரத்தில் நம் கைக்கு வந்த அளவை ஊற்றுவதிலிருந்து இது அடிப்படையிலேயே மாறுபட்டது என்பதால்தான், சிக்கனச் சாதனங்கள் பலவற்றுள்ளும் இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் சீன தேசத்தில் பான் ஷெங்சி என்பவர் இயற்றிய வேளாண்மை நூல், குழியின் நடுவே மண்சாடியைப் புதைத்து நீர் நிரப்பி, ஓட்டால் மூடி, சுற்றிலும் நான்கு விதைகளை ஊன்றிக் கொடிக்காய் வளர்க்கும் முறையை விவரிக்கிறது. நம் நாட்டில், ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி ஆர். சி. மண்டல் 1970-களில் இந்த முறையை உவர் நிலத்தில் பரிசோதித்து எழுதியதன் வாயிலாக இது ஆராய்ச்சி உலகின் கவனத்துக்கு வந்தது. உவருக்கும் பானைக்கும் உள்ள சம்பந்தம் பரவை போன்ற ஊருக்கு மிகவும் பொருந்துவது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருந்தால், மேலே ஊற்றி உலர்ந்து, ஊற்றி உலர்ந்து, உப்பு வேரடியிலேயே திரண்டு செடியைக் கருக்கிவிடுகிறது. பானையைச் சுற்றி ஈரம் இடைவிடாது நிற்பதால் அங்கே உப்பு நீர்த்திருக்க, மிகுதி ஈரவட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது.

எல்லாப் பானையும் இதற்கு உதவாது. வாய் உடைந்ததால் அடுக்களையிலிருந்து ஒதுக்கப்பட்ட பானை தாராளமாக உதவும். விரிசல் கண்ட பானை உதவாது, ஒரே இரவில் வடித்துவிடும். வாங்கும்போதே நீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால், வெளிச்சுவர் முழுவதும் சீராக நிறம் மாறி ஈரம் பூக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் முத்து முத்தாக வழிகிறதா என்பது தெரிந்துவிடும். முன்னதே வேண்டியது. அரிசி கழுவிய நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் பானைக்குள் ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். மாவும் எண்ணெய்ப் பசையும் துளைகளை அடைத்துவிடுமாதலால் அது கூடாது. அரிசி கழுவிய நீர் கீரைப் பாத்திக்கு நேரே போகட்டும். கடின நீர் ஊற்றும் வீடுகளில், காலப்போக்கில் சுண்ணாம்பு படிந்து கசிவு குறையும். அப்போது பானையை எடுத்துக் காடியில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். மூடியை மறப்பது எல்லாவற்றிலும் பெரிய பிழை. டெங்குக் கொசு முட்டையிட விரும்புவது இத்தகைய தெளிந்த, அசையாத நீரில்தான். ஆகையால் மூடி இடுக்கின்றிப் பொருந்த வேண்டும்.

சுரை, பாகல், புடல், தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவை இதில் நன்கு வரும். நெருக்கமாக விதைக்கும் கீரைக்கு ஈரம் எட்டாது. ஏக்கர் கணக்கில் பயிர் செய்பவருக்குப் பானை சுமந்து கட்டுப்படியாகாது. இது கொல்லைக்கும், தொட்டிச் செடிக்கும், புதிதாக நட்ட மாங்கன்றுக்கும் உரியது. மொட்டை மாடியில் வைப்பவர்கள், பெரிய தொட்டியின் நடுவில் ஒரு சிறு கலயத்தை இதே விதமாகப் புதைக்கலாம்.

மழைக்காலத்தில் பானையை எடுக்க வேண்டியதில்லை. மண் நனைந்திருக்கும் வரை அதனிடம் அதிகம் கேட்காது. கொடி காய்த்து ஓய்ந்ததும் அதைப் பிடித்து இழுத்துவிடலாகாது. சல்லி வேர்கள் ஒரு மெல்லிய வலையாகப் பானையின் வயிற்றைச் சுற்றி இறுகப் பின்னியிருக்கும். இழுத்தால் சுவர் விரியக்கூடும். தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, வேரை அங்கேயே மக்க விட்டு, அடுத்த விதையைச் சற்று விலகி ஊன்ற வேண்டும்.