குறைந்த செலவில் கொல்லைக் கோழிக் கூண்டு

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பகுதியின் மானாவாரி விவசாயிகளுக்கு நாட்டுக்கோழி கைச்செலவுக்கு உதவும் சிறுவாடு. இரவில் கூடையைக் கவிழ்த்து மூடுவதாலும் மரத்தில் அடைய விடுவதாலும் பல கோழிகள் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் இரையாகின்றன.

கூண்டு: புதிதாகத் தொடங்குவோர் 10 பெட்டைக்கும் 1 சேவலுக்கும் 5 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரமுள்ள கூண்டு அமைத்தால் போதும். மழைநீர் தேங்காத மேட்டில், நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். தரைக்கு மேல் 2 அடி உயரத்தில் மூங்கில் பட்டைகளை அரை அங்குல இடைவெளியில் அடித்தால் எச்சம் கீழே விழும். அது நல்ல எரு. கூரைக்குத் தென்னங்கீற்று போதும்.

சிக்கனம் கூடாத இடம் இரண்டு: அரை அங்குலக் கம்பி வலை, இறுக்கமான தாழ்ப்பாள். ஒரே இரவில் கீரி கடித்துப்போடும் கோழிகளின் விலை, இவற்றின் விலையை விஞ்சிவிடும். வலைப் பக்கத்தில் மழைக்காலத்தில் சாக்குப் படுதா தொங்கவிடலாம்.

மேய்ச்சல் அடைப்பு: கோழிக்கு 10 சதுர அடி வீதம், 12 அடிக்கு 10 அடி இடத்தை 5 அடி உயர வலையால் அடைக்கலாம். முருங்கை அல்லது அகத்தி நிழல் தரும்.

தடுப்பூசி: கூண்டு கீரியைத் தடுக்கும், வெள்ளைக் கழிச்சலைத் தடுக்காது. குஞ்சுக்கு 7ஆம் நாள் சொட்டு மருந்தும், 8ஆம் வாரம் தடுப்பூசியும் அவசியம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகி விவசாயிகள் பயன்பெறலாம்.