பழுப்பேறும் புரதம்

‘படி’ பெயரா, வினையா? தோற்றம் சொல்லாது, வேற்றுமை ஏற்கிறதா, காலம் காட்டுகிறதா எனக் கேட்கிறோம். விரைந்து வளரும் பெரிய பி உயிரணு நிணநீர்ப் புற்றிலும் நிலைமை இதுவே. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றினும், அது இரு வகைப்படும்.

2004இல் ஹான்ஸ் குழுவினர் வகுத்த முறையில், முதல் வினா சிடி10 புரதத்தைப் பற்றியது. எதிர்ப்பொருள் அதனைப் பற்ற, நொதியொன்று அவ்விடத்தைப் பழுப்பாக்கும். (‘சாயமேற்றல்’ என்னும் வழக்கு எனக்கு உவப்பில்லை, எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தையே தேடுகிறது.) புற்றணுக்களில் 30 விழுக்காடேனும் பழுப்பேறினால் முளைமைய வகை. சிடி10 இல்லையெனில் பிசிஎல்6. அதுவும் இல்லையெனில் மறுவகை. பிசிஎல்6 மட்டும் இருப்பின் எம்யூஎம்1 தீர்க்கும்: இருந்தால் மறுவகை, இல்லையேல் முளைமைய வகை.

அவ்வாய்வில் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் முளைமைய வகையில் 76 விழுக்காடு, மறுவகையில் 34.