சர்வர் கத்தினால் அலாரத்தை அணைக்காதீர்கள்

“பத்துப் பதினஞ்சு நாளா கீ... கீ...ன்னு சத்தம் வந்துட்டே இருந்துச்சுங்க. வேலை செய்ய முடியலீன்னு ஆஃப் பண்ணிட்டோம்ங்க.”

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சர்வர் படுத்துப்போன அலுவலகங்களில் இந்தப் பதிலை மறுபடி மறுபடி கேட்கிறேன். ஊர் மாறும், தொழில் மாறும், பதில் மாறாது. பல்லடம் பக்கத்து நூற்பாலையில் போவது சம்பளப் பட்டியல். திருப்பூர் பனியன் கம்பெனியில் போவது ஏற்றுமதி ஆர்டரும் ஷிப்பிங் ஆவணங்களும். பீளமேட்டுப் பம்ப் பட்டறையில் போவது பல வருட வரைபடங்கள். எல்லா இடத்திலும் சர்வருக்குள் ‘ரெய்டு’ இருந்தது. ஒரு டிஸ்க் செத்ததும் அது குரலும் கொடுத்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ரெய்டு என்பது பல ஹார்ட் டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ஏற்பாடு. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையால் பரவலானது. ரெய்டு 1, ரெய்டு 5 வகைகளில் ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காது. ரெய்டு 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெய்டு 0-வில் ஒன்று போனாலே எல்லாம் போச்சு. வேகமாக இருக்கும் என்று சொல்லி அதைத் தலையில் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

நாமக்கல் லாரிக்காரருக்கு இதை எளிதில் விளக்கலாம். பின்பக்க இரட்டை டயரில் ஒன்று வெடித்தாலும் வண்டி ஓடும். ஆனால் பாரம் முழுவதும் மற்றதன் மேல். இறங்கிப் பார்க்காத டிரைவருக்கு இரண்டாவது டயர் வெடிக்கும்போதுதான் விஷயம் தெரியும். ஒரு டிஸ்க் இழந்து ஓடும் நிலைக்கு ரெய்டு மொழியில் ‘டீகிரேடட்’ என்று பெயர். அந்த நிலையில் டாலி திறக்கும், பில் போடலாம், பிரிண்ட் வரும். எதுவும் நடக்காதது போலவே இருக்கும். ஆபத்தே அதில்தான்.

நிர்வாக மென்பொருள் எங்கே?

அந்த நிலையை உங்களுக்குச் சொல்ல வேண்டியது ரெய்டு நிர்வாக மென்பொருள். சர்வரோடு இலவசமாகவே கிடைக்கும் இதைத்தான் பெரும்பாலான இடங்களில் நிறுவாமல் விட்டுவிடுகிறார்கள். சர்வரை ‘செட்’ பண்ணித் தருகிறவர் விண்டோஸ் போட்டு, டாலி ஓடுவதைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நாமும் விட்டுவிடுகிறோம்.

முதலில் உங்கள் சர்வரில் இருப்பது எந்த கன்ட்ரோலர் என்று பில்லில் பாருங்கள். டெல் என்றால் ‘பெர்க்’. அதற்கு ஓபன்மேனேஜ் சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர். எச்பிஇ என்றால் ‘ஸ்மார்ட் அரே’. அதற்கு ஸ்மார்ட் ஸ்டோரேஜ் அட்மினிஸ்ட்ரேட்டர். அசெம்பிள் செய்த சர்வரில் பிராட்காம் மெகாரெய்டு கார்டு இருந்தால் எல்எஸ்ஐ ஸ்டோரேஜ் அத்தாரிட்டி. பழைய கார்டுகளுக்கு மெகாரெய்டு ஸ்டோரேஜ் மேனேஜர். அடாப்டெக் என்றால் மேக்ஸ்வியூ. கார்டே இல்லாமல் லினக்ஸே ரெய்டை நடத்தினால் ‘எம்டிஅட்மின்’. தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில், உங்கள் சர்வரின் மாடல் எண்ணைக் கொடுத்தே இறக்குங்கள். வேறு தளத்தில் கிடைக்கும் பிரதியைத் தொடவே வேண்டாம்.

நிறுவும் முன் இரண்டு வேலை. ஒன்று, முழு பேக்கப். இரண்டு, ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: எந்த ரெய்டு வகை, எத்தனை டிஸ்க், எந்தத் துளையில் எந்த சீரியல் எண், கன்ட்ரோலரின் டிரைவர் மற்றும் ஃபர்ம்வேர் பதிப்பு. அந்தத் தாளின் நகல் சர்வர் அறையிலும் முதலாளியின் பீரோவிலும் இருக்கட்டும். டிஸ்கின் முகப்பில் எண் ஒட்டுங்கள். தவறான டிஸ்கை உருவி நல்ல தொகுப்பையே கொன்ற கதைகள் இந்த ஒரு ஸ்டிக்கர் இல்லாததால் நடந்தவை.

நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எச்சரிக்கை மெயில். மெயில் இரண்டு பேருக்குப் போக வேண்டும். அதில் ஒருவர் முதலாளியோ நிர்வாக இயக்குநரோ ஆக இருக்க வேண்டும். வேலையை விட்டுப்போன கணினி ஆளின் முகவரிக்கு வருடக்கணக்கில் எச்சரிக்கை போய்க்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. சில மென்பொருள்கள் தாமாக மெயில் அனுப்பாது. டெல்லில் ஐடிராக், எச்பிஇ-யில் ஐஎல்ஓ என்ற மேலாண்மைப் பகுதி வழியாக அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குத் தனி லைசென்ஸும் தேவைப்படலாம். ஜிமெயில் வழியாக அனுப்பினால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. ‘ஆப் பாஸ்வேர்டு’ தனியாக உருவாக்க வேண்டும். முடித்ததும் சோதனை மெயில் அனுப்பி, அது உங்கள் கைபேசிக்கு வந்ததைக் கண்ணால் பாருங்கள். சோதிக்கிறேன் பேர்வழி என்று ஓடும் டிஸ்கை யாரும் உருவ வேண்டாம்.

அடுத்து, டிஸ்குகளைத் தானாகவே பரிசோதிக்கும் ‘பேட்ரோல் ரீட்’, ‘கன்சிஸ்டென்சி செக்’ இரண்டுக்கும் நேரம் குறியுங்கள். ஞாயிறு இரவு நல்லது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வைக்காதீர்கள். கன்ட்ரோலர் கார்டில் பேட்டரி இருந்தால் அதன் நிலையையும் மென்பொருள் காட்டும். பேட்டரி செத்திருக்கையில், பதிவுகளை உடனே டிஸ்கில் எழுதாமல் கார்டின் நினைவகத்தில் வைத்திருக்கும் ‘ரைட் பேக்’ முறையைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தால், கரண்ட் போன நொடியில் கடைசியாகப் போட்ட பதிவுகள் காற்றில் போகும். யூபிஎஸ் பேட்டரிக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டுங்கள்.

பாஸ்வேர்டு இன்னொரு ஓட்டை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். நிர்வாகப் பக்கத்தை ரூட்டர் வழியாக வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியாக மட்டும். அந்தப் பக்கத்தில் நுழைந்தவனுக்கு உங்கள் மொத்தத் தரவையும் அழிக்க ஒரு கிளிக் போதும்.

ஒரு டிஸ்க் போய்விட்டால்

சத்தம் கேட்டாலோ மெயில் வந்தாலோ முதல் ஒரு மணி நேரம் பதற்றத்தில் எதையும் அழுத்தாதீர்கள். ரீஸ்டார்ட் வேண்டாம். திரையைப் போட்டோ எடுங்கள். மென்பொருளில் லாக் கோப்பை வெளியே எடுத்து வையுங்கள். உடனே பேக்கப் எடுங்கள். புது டிஸ்க் வாங்கப் போவது அதற்குப் பிறகு. மென்பொருளில் ‘லொகேட்’ கொடுத்தால் செத்த டிஸ்கின் விளக்கு மின்னும். சீரியல் எண்ணையும் தாளோடு ஒப்பிட்டுவிட்டு அதை மட்டும் மாற்றுங்கள். புது டிஸ்க் அதே அளவாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். செத்த டிஸ்கின் தரவைப் புது டிஸ்கில் மறுபடி எழுதும் ‘ரீபில்ட்’ 100 சதவீதம் முடியும் வரை வேறு டிஸ்கைத் தொடாதீர்கள்.

ரீபில்ட்தான் மிக ஆபத்தான நேரம். நான்கு 4 டெராபைட் டிஸ்குகள் கொண்ட ரெய்டு 5-இல் ஒன்றை மாற்றினால், மீதி மூன்றையும், அதாவது 12 டெராபைட்டையும், முழுதாகப் படித்தாக வேண்டும். மலிவான டெஸ்க்டாப் டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் வாசிப்புப் பிழை வரம்போ 100 லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்று. அது ஏறக்குறைய 12.5 டெராபைட். எவ்வளவு நெருக்கமான கணக்கு என்று பாருங்கள். சர்வருக்கு சர்வர் டிஸ்க் வாங்குங்கள், பெரிய டிஸ்குகளுக்கு ரெய்டு 6 அல்லது 10 கேளுங்கள், ஒரு உபரி டிஸ்கை ‘ஹாட் ஸ்பேர்’ ஆகப் போட்டு வையுங்கள்.

தொகுப்பு தாங்கும் அளவுக்கு மேல் டிஸ்க் போய்விட்டதா? சர்வரை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ‘இனிஷியலைஸ்’ என்ற பொத்தான் தரவைத் துடைக்கும். ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று திரை கேட்டால் ‘கிளியர்’ கொடுக்காதீர்கள். உங்களுக்குப் புரியாத எந்தக் கேள்விக்கும் ‘எஸ்’ சொல்லாதீர்கள். மீட்கக்கூடிய தரவைக் கெடுப்பது பல நேரம் முதல் பழுதை விட அதற்குப் பிறகு அழுத்திய பொத்தான்தான். தரவு மீட்பு நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணும் எழுதிய ரசீது, எழுத்தில் மதிப்பீடு, ரகசியக் காப்பு உறுதிமொழி மூன்றும் வாங்குங்கள்.

ரெய்டு பேக்கப் ஆகாது

நீங்கள் தவறி அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிஸ்கிலும் ஒழுங்காக அழிக்கும். ரான்சம்வேர் பூட்டினால் எல்லா டிஸ்கிலும் பூட்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் அப்படித் தாக்கப்பட்டு, நோயாளிப் பதிவுகள் பல நாட்கள் கையால் எழுதப்பட்டன. தீப்பிடித்தால் எல்லா டிஸ்கும் சேர்ந்தே எரியும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் ‘ஜி-டிரைவ்’ சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே நகல் இல்லை. அளவு பெரிது என்பதால் எடுக்கவில்லையாம். ஒரு நாட்டு அரசே இந்தத் தவறைச் செய்யுமென்றால் நாம் எந்த மூலை?

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். அதில் ஒன்றாவது நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

சட்டம் உங்களைத்தான் கேட்கும்

“அதெல்லாம் கம்ப்யூட்டர் ஆள் பாத்துக்குவாருங்க” என்பது சட்டத்தின் முன் எடுபடாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆவது பிரிவின்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். தவறினால் நிர்வாக இயக்குநர் உள்ளிட்ட பொறுப்பாளர்களுக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை அபராதம். கம்பெனிகள் கணக்கு விதிகள் 2014-இன் 3(5) விதி 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டது. மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இப்போது தினசரி எடுக்கப்பட்டு, இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். வெளிச் சேவை நிறுவனத்தின் கிளவுடில் வைத்தால் அந்த நிறுவனத்தின் விவரத்தை ஆண்டுதோறும் நிதி அறிக்கையோடு கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பகுதிக் கம்பெனிகளுக்கு அது கோவையிலுள்ள பதிவாளர் அலுவலகம்.

ஜிஎஸ்டியில் பதிவு செய்த யாருக்கும், தனி உரிமையாளருக்கும்கூட, ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கு இருக்க வேண்டும். மின்னணுவில் கணக்கு வைத்திருப்பவர் விபத்தில் அது அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைக்க வேண்டும் என்று 57-ஆவது விதி சொல்கிறது. அரசிதழில் ஆங்கிலத்தில் ஒரு வரியைத் திருத்திவிட்டு அரசு அலுவலகங்கள் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றன. தறி ஓட்டும் சிறு கம்பெனி இயக்குநருக்கு அதை யார் போய்ச் சொல்வது? அபராத நோட்டீஸ் மட்டும் தவறாமல் வரும்.

காகிதம் கையில் இருக்கட்டும்

பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது ‘சர்வர் பராமரிப்பு’ என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். ரெய்டு மென்பொருளை நிறுவி எச்சரிக்கை மெயிலைச் சோதித்துக் காட்டுவது, மாதாந்திர நிலை அறிக்கை தருவது, டிஸ்க் போனால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பது, பேக்கப் யார் பொறுப்பு என்பது, கழற்றிய பழைய டிஸ்க் யாரிடம் இருக்கும் என்பது: ஐந்தும் எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் டிஸ்க் சீரியல் எண்ணோடு சர்வீஸ் ரிப்போர்ட் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் “பாத்தாச்சுங்க” என்று வருவது ரிப்போர்ட் ஆகாது.

சேவைக் குறைபாட்டால் இழப்பு என்றால் வழி எது? வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்கும் பொருளுக்கும் நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை. மில் முதலாளிகள் அங்கே போய்க் காலத்தைக் கழிக்க வேண்டாம். சுயதொழிலாக, வாழ்வாதாரத்துக்கு மட்டும் பொருள் வாங்கிய டிடிபி கடைக்காரர், போட்டோ ஸ்டுடியோக்காரர் போன்றவர்களுக்குக் கதவு உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில், ஒப்பந்தம், சர்வீஸ் ரிப்போர்ட், லாக் நகல் ஆகியவற்றோடு 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

மற்ற நிறுவனங்களுக்கு வக்கீல் நோட்டீஸ், பிறகு 3 ஆண்டுகளுக்குள் வழக்கு. வணிகத் தகராறின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்குகளில், முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். இதைத் தாண்டி நேராக நீதிமன்றம் போனால் வழக்கு நிராகரிக்கப்படும். லாக் கோப்பு போன்ற மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின் சான்றிதழ் இணைக்க மறக்காதீர்கள்.

யாராவது வேண்டுமென்றே அழித்திருந்தாலோ ரான்சம்வேர் வந்திருந்தாலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். பணமும் பறிபோயிருந்தால் உடனே 1930. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் அதற்கும் தெரிவிக்க வேண்டும். 180 நாள் லாக் பாதுகாத்திருக்க வேண்டும். 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோர, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியான மாநில ஐடி துறைச் செயலரிடம் மனு செய்யலாம்.

இத்தனை அலுவலகங்களுக்கும் அலைவதை விட ஒரு சோதனை மெயில் எளிது. இன்று மாலையே உங்கள் கணினி ஆளைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: ரெய்டு மென்பொருள் இருக்கிறதா, எச்சரிக்கை யாருக்குப் போகிறது, நேற்றைய பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை இப்போது எடுத்துக் காட்ட முடியுமா? “அதெல்லாம் இருக்குதுங்க” என்று வாயால் சொன்னால் விட்டுவிடாதீர்கள். திரையில் காட்டச் சொல்லுங்கள்.