பன்னிரண்டு வயதில் அடிக்கும் கோல் பெரிய ஆட்டத்திலும் செல்லுமா?

மாசி மாதத்தின் ஒரு சனிக்கிழமை, காலை ஆறே கால் மணி. றிச்மண்ட் ஹில்லில் உள்ள ஓர் அரினாவின் கண்ணாடிக்குப் பின்னால், கையில் கோப்பியும் காலில் குளிருமாக ஏழெட்டுப் பெற்றார் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற எம்மவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இவன் என்.எச்.எல்லுக்குப் போவானோ?"

அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பருவத்தில் அணியிலேயே அதிக கோல்கள் அடித்தவன். இனி வருடம் முழுவதும் ஹொக்கிதான், நீச்சலையும் கோடைகால உதைபந்தாட்டத்தையும் நிறுத்திவிட யோசிக்கிறேன் என்றார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஏற்கனவே நின்றுபோயிற்றாம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். "போன கிழமை சுவரோட மோதித் தலையில அடிபட்டது. ரெண்டு நாள் தலையிடி எண்டவன். கோச்சுக்குச் சொல்லேல்லை. சித்திரையில அடுத்த வருசத்து ரீம் தெரிவு வருது, அதுதான்."

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கும் கடைசியாக அவர் சொன்ன விடயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனால்தான் இது சுகாதாரப் பக்கத்துக்கு வந்தது.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். இன்று உலகின் முதல்தர ஹொக்கி வீரராகப் பலரும் கருதும் கொனர் மக்டேவிட் 1997 தை 13ஆம் திகதி றிச்மண்ட் ஹில்லில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்தில் நியூமார்க்கெற்றில். ஆறு வயதில் தன்னைவிட மூத்த பிள்ளைகளோடு விளையாட அங்கே இடம் கிடைக்காததால், பெற்றார் அவரை அரோராவுக்குக் கூட்டிச் சென்றார்கள். வீட்டு வாசலில் பெயின்ற் வாளிகளை அடுக்கி வைத்து, சில்லுச் சப்பாத்தோடு அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பழகிய கதை இங்கே பல ஹொக்கி வீடுகளில் சொல்லப்படுவது. 2012இல் விசேட அனுமதி பெற்று, பதினைந்து வயதிலேயே ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் ஈரி ஒற்றர்ஸ் அணிக்குப் போனார். பதினாறு முதல் இருபது வயது வரையானோர் ஆடும் லீக் அது. என்.எச்.எல்லுக்கு முந்திய படிகளில் முக்கியமான ஒன்று.

2014–15 பருவத்தில் அந்த லீக்கில் நடந்ததை ஒவ்வொரு ஹொக்கிப் பெற்றாரும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அதிக புள்ளி எடுத்த மூவரும் 1997இல் பிறந்த, ரொறன்ரோ சுற்றுவட்டாரப் பிள்ளைகள். (கோல் அடித்தாலும், கோலுக்கு உதவினாலும் ஒரு புள்ளி.) மிசிசாகாவில் பிறந்த டிலன் ஸ்ற்றோம் 129 புள்ளிகளோடு முதலிடம். மார்க்கத்தில் பிறந்த மிச் மார்னர் 126. மக்டேவிட் 120. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மக்டேவிட் மூன்றாமவர்! ஆனால் ஸ்ற்றோம் ஆடியது 68 ஆட்டங்கள், மார்னர் 63, கையை முறித்துக்கொண்ட மக்டேவிட் 47 மட்டுமே. 2015 ஆனியில் நடந்த என்.எச்.எல் தெரிவில் மக்டேவிட் முதலாவதாகவும், ஸ்ற்றோம் மூன்றாவதாகவும், மார்னர் நான்காவதாகவும் எடுக்கப்பட்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்ராறியோ லீக்கில் ஒரு புள்ளி எடுப்பவர் என்.எச்.எல்லில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்குதான் எடுப்பார் என்பது அது. மற்றப் பங்கு எங்கே போகிறது என்றால், எதிரே நிற்பவர் இப்போது பதினேழு வயதுப் பையன் அல்ல, முப்பது வயது ஆண்பிள்ளை. அந்தக் கணக்குப்படி மக்டேவிட் ஆட்டத்துக்கு முக்கால் புள்ளி எடுத்திருக்க வேண்டும். எட்மன்ரன் ஒயிலர்ஸில் அவர் முதல் பருவத்திலேயே 45 ஆட்டங்களில் 48 புள்ளிகள் எடுத்தார். ஸ்ற்றோம் ஆட்டத்துக்கு அரைப் புள்ளிக்குச் சற்று மேலே எடுத்திருக்க வேண்டும். அரிசோனாவில் முதல் இரண்டு பருவங்களிலும் கிடைத்த 28 ஆட்டங்களில் அவர் எடுத்தது 10. ஓட்டத்தில் வேகம் போதாது என்று அவரைப்பற்றி எழுதாதவர் குறைவு. 2018 கார்த்திகையில் சிக்காகோவுக்கு மாற்றப்பட்டதும் 58 ஆட்டங்களில் 51 புள்ளிகள்! அதே பையன், அதே கால்கள், வேறு உடுப்பு. பின்னர் வாஷிங்ரனுக்குப் போய், 2024–25 பருவத்தில் அந்த அணியிலேயே அதிக புள்ளி எடுத்தவரும் அவர்தான். மெலிந்த உடம்பு, பெரிய ஆட்களிடம் தாங்கமாட்டான் என்று சொல்லப்பட்ட மார்னரோ, மேப்பிள் லீஃப்ஸில் முதல் பருவத்திலேயே 61 புள்ளிகள் எடுத்தார். இதையே தொழிலாகச் செய்பவர்கள், பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்த பிறகும், இப்படித்தான் அரைகுறையாகக் கணிக்கிறார்கள்.

அப்படியானால் பன்னிரண்டு வயதில் என்ன தெரியும்? பெரும்பாலும் தெரிவது பிள்ளையின் உடம்பு எவ்வளவு முந்தி வளர்கிறது என்பதே. ஆண்பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் பொதுவாகப் பதின்மூன்று, பதினான்கு வயதளவில் வரும். சிலருக்குப் பதினொன்றில், சிலருக்குப் பதினாறில். முந்தி வளர்ந்தவன் மற்றவர்களைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் கோல் அடிப்பான். மற்றவர்களும் வளர்ந்ததும் அந்தத் தோள் செல்லாக்காசு. பெரிய ஆட்டத்துக்குக் கூடவே வருபவை வேறு: சறுக்கி ஓடும் வேகம், தலையை நிமிர்த்தி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம், அரை நொடியில் முடிவெடுத்துப் பந்து கொடுக்கும் பக்குவம். (பந்து என்று நான் சொன்னால் என் மகன் சிரிப்பான். அது பக்.) சின்ன உடம்போடு தப்பிப் பிழைக்கப் பழகிய பிள்ளைக்கு இந்தப் பக்குவம் பல வேளைகளில் கூடுதலாகவே இருக்கும்.

பிறந்த மாதமும் இதில் சேரும். இங்கே வயதுப் பிரிவு தை முதலாம் திகதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. தையில் பிறந்தவனும் மார்கழியில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் ஒரு வருட இடைவெளி பெரியது. கனடிய உளவியலாளர் றோஜர் பார்ன்ஸ்லி 1980களிலேயே இதைக் கண்டு எழுதினார். 1980 முதல் 2007 வரையான என்.எச்.எல் தெரிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. தெரிவானவர்களில் 36 சதவீதம் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். ஆனால் தெரிவானவர்கள் பிறகு ஆடிய ஆட்டங்களில் அவர்களின் பங்கு 28 சதவீதம், எடுத்த புள்ளிகளில் 25 சதவீதம் மட்டுமே. பிந்திப் பிறந்தவர்களை ஆட்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்று பொருள். மக்டேவிட் தையில் பிறந்தவர்தானே என்று கேட்பீர்கள். ஆம். அவர் ஆறு வயதிலேயே மூத்தவர்களோடு ஆடப் போனதால், அந்த வசதி அவருக்கு நெடுநாள் இருக்கவில்லை.

மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1975இல் பிறந்து ஒன்ராறியோவில் ஹொக்கி ஆடிய ஏறக்குறைய 30,000 பையன்களை ஜிம் பார்சல்ஸ் என்பவர் பின்தொடர்ந்து பார்த்தார். என்.எச்.எல் அணிகள் தெரிவு செய்தது 48 பேரை. ஓர் ஆட்டமாவது ஆடியவர் 32. ஒரு முழுப் பருவத்துக்கு மேல் நின்றவர் 15. மகனை மருத்துவ பீடத்துக்கு அனுப்புவது இதைவிட எவ்வளவோ இலகு என்பதை எங்கள் பெற்றாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெற்றாரைச் சோர்வடையச் செய்ய இதை எழுதவில்லை. ஹொக்கி அருமையான விளையாட்டு. பனிக்காலத்தில் மில் பொண்ட் குளம் உறைந்து, பிள்ளைகள் அங்கே தடியோடு இறங்கும்போது பார்த்திருப்பீர்கள், அந்த முகங்களை. கவலை என்னவென்றால், கணிக்க முடியாத ஒன்றுக்காகப் பிள்ளையின் கையிலுள்ள உடம்பை முற்பணமாகக் கட்டுகிறோம்.

ஒரே விளையாட்டை வருடம் முழுவதும் ஆடினால் அதே மூட்டுகளும் அதே தசைநார்களும் மீண்டும் மீண்டும் தேய்கின்றன. ஹொக்கியில் அது இடுப்பும் தொடைமூலமும். வளரும் எலும்பின் முனைகள் இன்னும் முற்றாத வயது அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, பதினைந்து, பதினாறு வயது வரை ஒரே விளையாட்டில் நிற்பதைத் தள்ளிப்போடச் சொல்கிறது. கிழமைக்கு ஒரு நாளாவது ஓய்வு, வருடத்தில் மாதம் மாதமாகப் பிரித்தாவது மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு என்பதும் அதில் உண்டு. நீச்சலையும் உதைபந்தையும் நிறுத்தப்போகும் தகப்பனுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

நித்திரையையும் சாப்பாட்டையும் விரைவாகச் சொல்கிறேன். ஐந்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது முதல் பதினொரு மணிநேர நித்திரை வேண்டும் என்று கனடிய வழிகாட்டல் சொல்கிறது. ஐந்து மணிக்கு எழும்ப வேண்டிய நாளில் முதல் நாள் இரவு கலியாண வீட்டில் பதினொரு மணிவரை வைத்திருக்காதீர்கள். எங்கள் கருமையான தோல் அதே வெயிலில் விற்றமின் டி குறைவாகவே செய்யும். ஐப்பசி முதல் பங்குனி வரை இந்த நாட்டில் அந்த வெயிலும் போதாது. நாளுக்கு 600 அலகு என்பது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொதுவான பரிந்துரை. பாலிலும் குளிசையிலும் எவ்வளவு சேர்கிறது என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். சைவச் சாப்பாட்டு வீடாயின் இரும்புச்சத்தையும் கூடவே கேளுங்கள்.

தலை அடிபடுவதுதான் பெரிய விடயம். கொன்கஷன் என்று பிள்ளைகள் சொல்லும் மூளை அதிர்வு, ஹெல்மெற் போட்டிருந்தாலும் வரும். ஹெல்மெற் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. மயக்கம் போட்டு விழ வேண்டும் என்றும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் பிடிக்காமை, காரணமில்லாத எரிச்சல், பாடத்தில் மனம் பதியாமை, இவற்றில் ஒன்றிருந்தாலே சந்தேகப்பட வேண்டும். வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலையிடி கூடிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், பேச்சோ நடையோ தடுமாறினால் உடனே 911.

ஒட்டாவாவைச் சேர்ந்த றோவன் ஸ்ரிங்கர் என்ற பதினேழு வயதுப் பெண்பிள்ளை றக்பி ஆடுபவர். 2013 வைகாசியில், ஒரு கிழமைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தலை அடிபட்டு இறந்தார். முதல் அடி ஆறமுன் விழும் இரண்டாவது அடி அவ்வளவு கொடியது. அவர் பெயரால் 2018இல் ஒன்ராறியோ கொண்டுவந்ததுதான் றோவன் சட்டம். நீங்கள் பிள்ளையை அணியில் பதியும்போது வாசித்துக் கையெழுத்திடும் அந்தத் தாள் அதிலிருந்து வந்தது. (வாசிக்காமல் கையெழுத்திடுபவர்களில் நானும் ஒருவனாய் இருந்தேன்.) சந்தேகம் இருந்தால் ஆட்டத்திலிருந்து இறக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, படிப்பு என்று படிப்படியாக ஏற்றி, வைத்தியர் சம்மதித்த பிறகே மோதும் பயிற்சி. 2010இல் வெளியான ஆய்வொன்றில், பதினொன்று, பன்னிரண்டு வயதில் உடம்பால் மோத அனுமதித்த அல்பேர்ட்டாவில், அனுமதிக்காத கியூபெக்கைவிட மூளை அதிர்வு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. 2013இல் கனடா முழுவதும் அந்த வயதினருக்கு அது தடை செய்யப்பட்டது. தற்செயலான மோதலை எந்தச் சட்டமும் தடுக்காது.

மக்டேவிட்டுக்கும் அடிபடாமல் இல்லை. முதல் பருவத்தில் காறையெலும்பு முறிந்து 37 ஆட்டங்கள் வெளியே இருந்தார். 2019 சித்திரையில் கல்கரியில் முழங்கால் மோசமாகச் சேதமானது. சத்திரசிகிச்சை இல்லாமல், கோடை முழுவதும் சிகிச்சைப் பயிற்சி செய்து அடுத்த பருவத்துக்குத் திரும்பினார். அவருக்கு அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், காலமும் இருந்தது. எங்கள் பிள்ளைக்கு இருப்பது நாங்களும் குடும்ப வைத்தியரும்.

படிப்பைப் பற்றி ஒரு வரி. ஒன்ராறியோ லீக்கில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆட முடியாது என்றிருந்தது. 2025 ஆவணி முதல் அந்தத் தடை நீங்கிவிட்டது. பதினாறு வயதில் இரண்டிலொன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நெருக்கடி இப்போது இல்லை.

அந்தத் தகப்பன் அன்று கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டம் முடியமுன் பயிற்றுநரிடம் போனார். மகனுக்குக் கோபம். வைத்தியர் மூளை அதிர்வு என்று உறுதி செய்து, மோதும் பயிற்சிக்குத் திரும்ப மூன்று கிழமைக்கு மேல் எடுத்தது. சித்திரைத் தெரிவில் அவன் ஒரு படி கீழேயுள்ள அணிக்குத்தான் எடுக்கப்பட்டான். சென்ற மாதம் நீச்சல் தடாக வாசலில் இருவரையும் கண்டேன். பையன் என்னைவிட உயர்ந்துவிட்டான். "அண்ணை, இவன்ர சப்பாத்து ஆறு மாதத்தில ரெண்டு சைஸ் ஏறிட்டுது," என்றார் தகப்பன். வேறெதுவும் கேட்கவில்லை.