முதல் சிம்பல் வாங்குமுன்

டிரம்ஸ் கற்கும் பிள்ளைக்கு முதல் செட் வாங்கும்போது நம் கண் போவது டிரம்களின் நிறத்திலும் மொத்த விலையிலும்தான். கூடவே வரும் சிம்பல்களைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஏமாற்றம் தொடங்குவது அங்கேதான். டிரம் சரியாகப் பேசாவிட்டால் தோலை மாற்றலாம், முறுக்கேற்றலாம். சிம்பலுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. வாங்கிய அன்று என்ன நாதமோ, அதை வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

மலிவான செட்டோடு வருபவை பெரும்பாலும் பித்தளை. நாதம் சட்டென்று செத்துப்போகும், விளிம்பும் சீக்கிரம் வளைந்துவிடும். அடுத்த படி 'பி8' வெண்கலம்: 92 சதவீதம் செம்பு, 8 சதவீதம் வெள்ளீயம். 'பி20' என்றால் வெள்ளீயம் 20 சதவீதம்; ஸில்ஜியன், சேபியன் நிறுவனங்களின் உயர் ரகங்கள் இந்தக் கலவையில் வார்க்கப்படுபவை. அதற்காக எண்ணை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். பெரிய பெரிய ராக் டிரம்மர்கள் வாசிக்கும் பைஸ்டி 2002 வரிசை பி8 வெண்கலம்தான். கற்பவருக்கு நல்ல பி8 தாராளமாகப் போதும். கையில் பணம் குறைவென்றால் 14 அங்குல ஹை-ஹாட் சிம்பல் ஜோடியை மட்டும் நல்லதாக வாங்குங்கள். தாளம் முழுக்க அதில்தான் ஓடுகிறது. கிராஷ், ரைடு என்ற மற்ற சிம்பல்கள் பிறகு வரட்டும்.

பழைய சிம்பல் வாங்குவதில் தவறில்லை, சொல்லப்போனால் அதுவே சிக்கனம். ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய், ஸ்டாண்டிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுத்துளை வட்டமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் மாட்டாத ஸ்டாண்டில் வைத்து வாசித்திருந்தால், கம்பி உரசி உரசித் துளை ஒரு பக்கம் நீண்டிருக்கும். விரிசல் அங்கிருந்தும் கிளம்பும். அடுத்து விளிம்பைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வாசிக்க வாசிக்க அது நீளும். கடைசியாக, தளர்வாக மாட்டி மெல்லத் தட்டிப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் எங்கோ உடைந்திருக்கிறது.

கடையில் புதிதாக வாங்கினால் பில் அவசியம். அதில் 'டிரம் செட்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். சிம்பலின் பிராண்ட், வரிசை, அளவு எல்லாம் இருக்கட்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற முத்திரையைக் காட்டி இந்த உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் தனிநபரிடம் பழையது வாங்கினால் இந்தச் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது.

விரிசல் விட்டால் "ஓங்கி அடித்திருப்பீர்கள்" என்பார்கள் கடைக்காரர்கள். தவறான பயன்பாட்டுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதும் உண்மைதான். அதனால் பெட்டி பிரிப்பதையும் முதல் தட்டையும் வீடியோ எடுத்து வையுங்கள். ஸ்டாண்டின் மேலே உள்ள திருகை இறுக்கி, சிம்பல் அசைய முடியாதபடி பூட்டாதீர்கள்.

இன்னொரு ஆபத்து காதுக்கு. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலில் 15 நிமிடம்தான் தாங்கும் என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்கிடுகிறது. மூடிய சிறு அறையில் கிராஷ் அந்த 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். கேட்கும் திறன் போனால் திரும்பாது. பஞ்சு உதவாது, காது அடைப்பான் வாங்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள், துளைகள் நிறைந்த குறையொலி சிம்பலைப் பாருங்கள்.

குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரர் இறங்கிவரவில்லையா? முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கச்சேரியில் வாசித்துப் பிழைப்பவரும், அந்தச் சுயதொழிலுக்காகவே வாங்கியிருந்தால், நுகர்வோர்தான். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.